ஒழுக்கமும் பட்டியலும்

வீரமாமுனிவரின் இரு நூல்கள் நம் பங்குத் தலைவர்களுக்குச் சொல்வது

கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த ஏலாக்குறிச்சியை அறியாத கத்தோலிக்கர் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் இருக்க மாட்டார்கள். அடைக்கல அன்னையின் திருத்தலமாக அவ்வூரை அறிவோம். வேண்டுதலோடு செல்கிறோம், நன்றியோடு திரும்புகிறோம். அவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயர் சூட்டியவர் வீரமாமுனிவர் என்பதும், அவர் இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டில் பிறந்த இயேசு சபைக் குரு என்பதும், தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தை இயற்றியவர் என்பதும் நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிடும் செய்திகள். 1968-ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எடுக்கப்பட்டதையும் பெருமையோடு நினைவுகூர்கிறோம்.

இத்தனை நினைவுகளுக்கிடையே ஒன்று மட்டும் நழுவிப்போயிற்று. அந்தக் காப்பியப் புலவர் திருச்சபைத் தலைவர்களைப் பயிற்றுவிப்பதற்கென்றே தமிழில் ஓர் உரைநடை நூல் எழுதினார். அதன் பெயர் ‘வேதியர் ஒழுக்கம்’. தேம்பாவணி நிறைவுற்றதாகச் சொல்லப்படும் 1726-க்கு அடுத்த ஆண்டில், அதாவது 1727-இல், அது எழுதப்பட்டது. இன்று பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் பயிற்சி முகாம்கள் நடைபெறாத மறைமாவட்டம் தமிழகத்தில் இல்லை. அம்முகாம்களில் எத்தனையோ கையேடுகள் வழங்கப்படுகின்றன. நம் மண்ணோடு தொடர்புடைய இந்த முதுபெரும் கையேட்டை மட்டும் எவரும் எடுத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. அதனை மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். போற்ற வேண்டியதைப் போற்றுவோம்; குறை காண வேண்டிய இடத்தில் குறையும் காண்போம்.

வேதியர் என்பவர் யார்?

தமிழ் வழக்கில் வேதியர் என்றால் வேதம் ஓதும் அந்தணரையே குறிக்கும். மதுரை மிஷனில் அச்சொல் வேறொருவருக்கு உரியதாயிற்று. கிறிஸ்தவ மறையைச் ‘சத்திய வேதம்’ என வழங்கிய அந்நாளில், அவ்வேதத்தை ஊர்தோறும் சென்று கற்பித்த பொதுநிலையினர் வேதியர் எனப்பட்டனர். பிற்காலத்தில் நாம் உபதேசியார் என அழைத்தது இவர்களைத்தான்.

இப்பணியின் வேர் இன்னும் பழைமையானது. புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, ஓர் ஊரில் நிலைத்துத் தங்க அவருக்கு நேரமில்லை. ஆதலால் ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார். மக்களைக் கூட்டிச் செபம் கற்பிப்பதும், இறக்கும் நிலையிலுள்ள குழந்தைகளுக்குத் திருமுழுக்களிப்பதும் அவர்கள் கடமை. போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த வருவாயைக் கேட்டுப் பெற்று, அவர்களுடைய ஊதியத்துக்கு அவர் வழிசெய்தார் என்பது பலரும் அறிந்த வரலாறு. குரு வந்து போகிறவர். ஊரில் தங்கியிருந்து விசுவாசத்தைக் காப்பவர் கணக்கப்பிள்ளை. இந்த ஏற்பாடே பின்னர் மதுரை மிஷனிலும் வேரூன்றிற்று.

வீரமாமுனிவர் பணியாற்றிய உள்நாட்டில் நிலைமை இன்னும் கடினமானது. ஒரு குருவின் பொறுப்பில் பல நாள் நடைவழியில் சிதறிக் கிடந்த கிராமங்கள்; அரியலூரில் மழவராயர், உடையார்பாளையத்தில் இன்னொரு பாளையக்காரர் என ஆட்சியும் சிதறிக் கிடந்தது. படையெடுப்பும் பஞ்சமும் அடிக்கடி வந்தன. மக்களின் கண்ணுக்குத் தெரிந்த திருச்சபை பெரும்பாலும் வேதியர் ஒருவரே. ஞாயிறு செபத்தை அவர் நடத்தினார். புகுமுக நிலையினரை அவர் பயிற்றுவித்தார். இறந்தோரை அடக்கம் செய்தார், வழக்கைத் தீர்த்தார், குரு வந்தபோது ஊர்நிலையை எடுத்துரைத்தார். அவர் தவறினால் அந்த ஊரில் திருச்சபையே தவறியதாகும். இந்த அச்சத்திலிருந்தும் அக்கறையிலிருந்தும் பிறந்ததே ‘வேதியர் ஒழுக்கம்’.

நூலின் நோக்கும் நடையும்

பெயரிலேயே நூலின் உயிர் இருக்கிறது. ‘வேதியர் கடமைகள்’ என்றோ ‘வேதியர் பணிமுறை’ என்றோ முனிவர் பெயரிடவில்லை, ஒழுக்கம் என்றார். ஒழுக்கமுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தவர் அவர். அச்சொல்லின் கனம் அறிந்தே அதனைத் தேர்ந்தார் எனக் கொள்வதில் தவறில்லை.

நூலின் அடிக்கருத்து எளியது. பிறர் ஆன்மாவைக் காக்க அழைக்கப்பட்டவன் முதலில் தன் ஆன்மாவைப் பார்க்க வேண்டும். அவன் சொல்வது அவனிடத்தில் நடப்பாயிருக்க வேண்டும். மற்றவை பிறகு. ஒரு கூட்டத்தை எப்படி நடத்துவது, ஒரு பாடத்தை எப்படிப் பிரிப்பது என்ற வகையான வழிமுறைகளுக்காக இந்நூலைத் திறப்பவர் ஏமாறுவார். வேதியரை உட்காரவைத்து, நீ யார், உன்னை அழைத்தவர் யார், உன் கையில் ஒப்படைக்கப்பட்ட ஆன்மாக்களின் விலை என்ன என்று கேட்கும் நூல் இது. இஞ்ஞாசியாரின் தியான முறையில் ஊறிய ஒருவர் எழுதியது என்பதைப் படிப்பவர் எளிதில் உணரலாம்.

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முனிவரின் ஆற்றலைக் காட்டத் தேம்பாவணியின் 3615 பாடல்களையே எடுத்துக்காட்டுவது நம் வழக்கம். அது நியாயமே. ஆயினும் இந்த உரைநடையில் அவர் செய்த தொண்டு அதற்குக் குறைந்ததன்று. அக்காலத்தில் தமிழ் உரைநடை பெரும்பாலும் செய்யுளுக்கு விளக்கம் எழுதும் பணியிலேயே இருந்தது. அதனை நேர் நின்று பேசும் மொழியாக ஆக்கியோரின் வரிசையில் வீரமாமுனிவருக்குச் சிறப்பிடம் உண்டு. வாக்கியங்கள் நீண்டவை, ஆனால் மூச்சு அறுவதில்லை. விவிலிய நிகழ்ச்சிகளும் உவமைகளும் கேள்விகளும் அடுத்தடுத்து வந்து கேட்பவரைத் தப்பவிடாமல் பிடிக்கின்றன. வாய்விட்டுப் படிக்கும்போதுதான் அதன் வலிமை தெரியும். 1730-இல் தொன்னூல் விளக்கமும், 1732-இல் சதுரகராதியும் தந்த இலக்கணப் புலமை இங்கே தன்னை வெளிக்காட்டிக்கொள்ள முயலவில்லை. வெயிலில் நடந்து ஊர் ஊராகச் செல்லும் ஓர் எளிய பணியாளனுக்காக அது தலை தாழ்த்தி நிற்கிறது. ஓர் ஆசிரியரின் ஒழுக்கம் அவர் நடையிலேயே தெரியும் என்றால், இந்நூல் தன் பெயருக்குத் தானே சான்றாகிறது.

பட்டியல் எழுதிய குரு

இனி முனிவரின் இன்னொரு நூலை இதனருகே வைத்துப் பார்ப்போம். ‘பரமார்த்த குருவின் கதை’ நாம் சிரித்துப் படித்த நூல். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரும் அவர்தம் குருவும் செய்யும் பேதைமைகளே அதன் பொருள். பேச்சுத் தமிழ் பயில்வோர் வாசிப்பதற்காக எழுதப்பட்ட அந்நூல், 1822-இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. திருச்சபையைக் குறித்து எழுதப்பட்டதன்று அது. அப்படி வலிந்து பொருள்கொள்ளவும் வேண்டுவதில்லை. ஆயினும் தலைவனையும் தொண்டனையும் பற்றி ஒரே ஆசிரியர் எழுதிய இரு நூல்கள் என்ற முறையில் இரண்டையும் சேர்த்துப் படிப்பது பயன் தரும்.

இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் நினைவூட்டுகிறேன். ஆற்றைக் கடந்து கரையேறிய சீடர்கள், எல்லாரும் வந்துவிட்டோமா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிற ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு மற்றவரை மட்டும் எண்ணுகிறான். ஒருவர் குறைகிறார். ஆறு விழுங்கிவிட்டது என்று அழுகை தொடங்குகிறது.

இன்னொன்று. குரு குதிரைமேல் போகும்போது தலைப்பாகை கீழே விழுகிறது. சீடர் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவில்லையே என்கிறார்கள். விழுந்ததையெல்லாம் எடுங்கள் என்று குரு கடிந்துகொள்ள, குதிரையிட்ட சாணத்தையும் ஏந்தி வருகிறார்கள். இறுதியில், எடுக்க வேண்டியவை இன்னின்ன என்று ஓலையில் பட்டியல் எழுதித் தருகிறார் குரு. சற்றுத் தூரம் சென்றதும் குதிரை இடறிக் குருவே குழியில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் பார்க்கிறார்கள். அதில் உள்ள துணிமணிகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். குரு மட்டும் குழியிலேயே கிடக்கிறார். ஏனெனில் அவர் பட்டியலில் இல்லை. குழியிலிருந்தபடியே தம்மையும் பட்டியலில் சேர்த்து எழுதித் தந்த பிறகுதான் கரையேற முடிகிறது.

முதற்கதை, தன்னை எண்ணாத தலைவனைக் காட்டுகிறது. இரண்டாவது, பட்டியலால் பயிற்றப்பட்ட தொண்டனைக் காட்டுகிறது. ‘வேதியர் ஒழுக்கம்’ எதனைத் தவிர்க்க எழுதப்பட்டதோ அதனையே இவ்விரு கதைகளும் நகைச்சுவையாக நம்முன் நிறுத்துகின்றன.

நம் முகாம்கள்

இக்கதை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பங்கு வளர்ச்சி குறித்த இரண்டு நாள் பயிற்சி ஒன்றில் கலந்துகொண்டேன். எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். பயிற்றுவித்தவர்கள் நல்லவர்கள், உழைப்பாளிகள். குழுக்களாகப் பிரித்தார்கள், பெரிய தாள்களில் எழுதவைத்தார்கள். பங்கின் நிறைகள், குறைகள், ஐந்தாண்டு இலக்கு, பொறுப்பாளர் பெயர், முடிக்க வேண்டிய நாள் எனக் கட்டம் கட்டிய தாள் ஒன்றைத் தந்து நிரப்பச் சொன்னார்கள். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தாய் எழுந்தார். அன்பியப் பொறுப்பாளராக வந்தவர். எழுதப் படிக்க அதிகம் அறியாதவர்.

“சாமி, எங்க ஊர்ல கல்லறைக்கு ரெண்டு பாதை இருக்கு. அவுங்க பொணம் ஒரு வழியா போவும், எங்க பொணம் ஒரு வழியா போவும். அது இந்தத் தாள்ல எந்தக் கட்டத்துல வரும்?” என்று கேட்டார்.

மண்டபம் அமைதியாயிற்று. “அது இதில் வராது அம்மா, அதைத் தனியாகப் பேசிக்கொள்வோம்” என்று பதில் வந்தது. தனியாகப் பேசியதாக நினைவில்லை. நானும் என் கட்டங்களை நிரப்பிக் கொடுத்துவிட்டு, மதிய உணவுக்கு வரிசையில் நின்றேன். அவரருகே சென்று ஒரு சொல் கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை. இன்று எண்ணும்போது, அன்று குழியில் கிடந்தது யார் என்பது தெரிகிறது. கிறிஸ்துவின் உடல் அங்கே கிடந்தது. எங்கள் பட்டியலில் அது இல்லை.

இதனால் திட்டமிடுதல் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பங்கு வரவுசெலவுக் கணக்கை ஒழுங்காக எழுதத் தெரியாத பேரவை மக்களின் நம்பிக்கையை இழந்துவிடும். 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள், பங்கேற்கும் திருச்சபை என்னும் புதிய வாழ்வுமுறையை முன்வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நடுநிலையத்திலிருந்து வந்த ஏழுபடி நற்செய்திப் பகிர்வு, நம் அன்பியங்களில் எளிய மக்களின் வாயைத் திறந்தது. பெங்களூரில் 1967-இல் தந்தை அமலோற்பவதாஸ் தொடங்கிய தேசிய நடுநிலையமும், திண்டிவனத்திலுள்ள தமிழக நடுநிலையமும் எத்தனையோ பொதுநிலையினரை உருவாக்கியுள்ளன. இவற்றை மறப்பது நன்றிகெட்ட செயல். முறைகள் தவறல்ல. முறையே பயிற்சி என்று மயங்குவதுதான் தவறு.

நம் மண்ணின் நிலையை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001-இல் பிரிந்து, மீண்டும் இணைந்து, 2007-இல் நிலையாகத் தனித்தது. மேற்கே பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி நிலம். கிழக்கே சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும். மழை பொய்த்தால் ஊர் காலியாகிறது. இளைஞர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விடுகிறார்கள். ஆலையில் முறைவேலை பார்ப்பவர் மாலைக் கூட்டத்துக்கு வர முடிவதில்லை. அன்பியத்தில் அமர்பவர் பெரும்பாலும் பெண்களும் முதியோருமே. வரதராசன்பேட்டை போன்ற பெரிய கத்தோலிக்க ஊர்களை விட்டால், பல கிராமங்களில் நம்மவர் சில குடும்பங்களே. அங்கே இன்னும் குரு வந்து போகிறவர்தான். நகரத்துப் பங்கை மனத்தில் வைத்து வகுத்த பட்டியல் இங்கே எப்படிப் பொருந்தும்?

எங்கள் கிளைக் கிராமத்தில் என் சிறுவயதில் ஓர் உபதேசியார் இருந்தார். பயிற்சிச் சான்றிதழ் எதுவும் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. மாலையில் செபமணி அடித்துவிட்டுத் தெருவில் ஒருமுறை நடப்பார். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டில் குரல் உயர்ந்திருக்கிறது என்று அந்த நடையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். மறுநாள் காலையில் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவருடைய பயிற்சி முழுவதும் அந்த நடையில் இருந்தது. முனிவர் ஒழுக்கம் என்று சொன்னதன் பொருளை எனக்கு முதலில் கற்பித்தவர் அவரே.

நூலின் குறைகள்

போற்றியது போதும், நூலின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அவை முனிவரின் குறைகள் என்பதைவிட அவர் காலத்தின் குறைகள் எனலாம். ஆனால் அந்நூலை அப்படியே இன்றைய கையேடாக ஏற்கத் தடையாக இருப்பவை.

முதலாவது, இந்நூலில் பேசுகிறவர் குரு, கேட்கிறவர் வேதியர். வேதியர் திரும்பப் பேசுவதில்லை. அவர் யாருக்காகப் பணிபுரிகிறாரோ அந்த மக்களும் பேசுவதில்லை. அவர்கள் காக்கப்பட வேண்டிய ஆன்மாக்கள் மட்டுமே. ஊரும் ஒரு பள்ளி, மக்களும் வேதியருக்கு ஆசிரியராகலாம் என்ற எண்ணத்திற்கு இடமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபையை இறைமக்கள் என்று வரையறுத்த பின், இந்த ஒருவழிப் பேச்சு நமக்குப் போதாது. நான் சொன்ன அந்தத் தாயின் கேள்வி, வேதியருக்கு முனிவர் தந்த பாடத்தில் இல்லாத ஒன்று. வேதியரைத் திருத்தும் கேள்வி மக்களிடமிருந்தே வருகிறது.

இரண்டாவது, சாதி. மதுரை மிஷன் சமூகப் பிரிவினைகளுக்கு உட்பட்டே இயங்கிற்று. குருக்களே பிராமண சந்நியாசிகள், பண்டாரசாமிகள் என இரு கோலங்களில் பணியாற்றினார்கள். வேதியர்களும் பெரும்பாலும் அந்தந்தச் சாதியார்க்கென்று அமர்த்தப்பட்டார்கள். அந்தணர்க்குரிய பெயரை எளியவர்களுக்கும் சூட்டிய துணிவு அச்சொல்லில் இருந்தது உண்மை. ஆனால் பெயர் உயர்ந்த அளவுக்குத் தெரு உயரவில்லை. தனிமனித ஒழுக்கத்தை அவ்வளவு நுட்பமாக ஆராய்ந்த நூல், ஊரின் ஒழுக்கக்கேட்டைக் கேள்விக்குள்ளாக்கியிருந்தால், கல்லறைக்கு இரண்டு பாதைகள் இத்தனை காலம் நீடித்திருக்குமா?

மூன்றாவது, வேதியருக்கு எல்லை போடப்பட்டிருந்தது. முனிவர் இந்நூலை எழுதி ஆறே ஆண்டுகளில், 1733 டிசம்பர் 28-ஆம் நாள், தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் தன் உபதேசியார்களில் ஒருவரான ஆரோன் என்ற தமிழரைக் குருவாக அபிஷேகம் செய்தது. அந்த மிஷனோடு சொற்போர் நடத்திய முனிவர், 1728-இல் ‘வேத விளக்கம்’ எழுதியவர், வேதியரின் வளர்ச்சி எங்கே சென்று முடிய வேண்டும் என்ற கேள்வியை இந்நூலில் எழுப்பவில்லை. அவர் நூலில் வேதியர் என்றும் வேதியரே, கேட்பவர், கீழ்ப்படிபவர்.

பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்று நம் மறைக்கல்வியையும் அன்பியங்களையும் தாங்குவோர் பெரும்பாலும் பெண்களே. முனிவரின் வேதியர் ஆண்மகன்.

காலம் வைத்த தேர்வு

இத்தனை குறைகள் இருந்தும் அந்த நூலை நாம் ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் அதன் பயிற்சியைக் காலம் சோதித்தது. முனிவர் 1747-இல் மறைந்தார். 1773-இல் இயேசு சபையே திருத்தந்தையின் ஆணையால் கலைக்கப்பட்டது. மதுரை மிஷனுக்கு அச்சபையினர் திரும்பியது 1838-இல்தான். இடைப்பட்ட காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த சில குருக்களைத் தவிர மேய்ப்பர் இல்லை. கர்நாடகப் போர்கள் நாட்டைச் சூறையாடின. அந்த நீண்ட வறட்சியில் ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டியவர் யார்? செபங்களை மறவாமல் காத்தவர் யார்? குழந்தைக்குத் திருமுழுக்களித்தவர் யார்? ஊர்ப் பெரியவர்களும் வேதியர்களும்தான். பட்டியலால் பயிற்றப்பட்டவராக இருந்தால், பட்டியல் தந்த குரு போனதும் அவர்களும் போயிருப்பார்கள். 1899-இல் கும்பகோணம் மறைமாவட்டம் உருவானபோது அதன் கையில் வந்து சேர்ந்த விசுவாசம், பெயர் தெரியாத பல வேதியர்கள் காத்துக் கொடுத்த சொத்தாகும்.

திருச்சபையும் இதனை அறியும். 1965-இல் வெளிவந்த மறைத்தூதுப் பணி பற்றிய சங்க ஏட்டின் 17-ஆம் எண், ஆண்களும் பெண்களுமாகிய வேதியர்களைப் புகழ்ந்துரைக்கிறது. அவர்களுக்கு நல்ல பயிற்சியும் நியாயமான ஊதியமும் வேண்டும் என்கிறது. 2021 மே 10-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், வேதியர் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாக ஏற்படுத்தினார். 2024 அக்டோபரில் நிறைவுற்ற ஆயர் மாமன்றம், பங்கேற்பு அமைப்புகள் எங்கும் கட்டாயமாக வேண்டும் என்று வலியுறுத்திற்று. ஏடுகளில் குறையில்லை. ஆனால் நடப்பு வேறு. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் 536-ஆம் பிரிவு பங்குப் பேரவைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே தருகிறது. அடுத்த பிரிவோ பங்கு நிதிக்குழுவைக் கட்டாயமாக்குகிறது. பணத்தைக் காக்கக் குழு கட்டாயம். மக்களைக் காக்கும் பேரவை ஆயர் விரும்பினால். கேட்பதற்கு யாரும் கட்டுப்படாத ஆலோசனையைச் சொல்வதற்கே நம் பொதுநிலையினருக்குப் பயிற்சி தருகிறோமா என்று சில வேளைகளில் ஐயம் எழுகிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

அப்படியானால் நல்ல பயிற்சியை எதனால் அறிவது? முனிவரின் இரு நூல்களையும் அந்தத் தாயின் கேள்வியையும் ஒன்றாக வைத்து, மூன்று கேள்விகள் கேட்கலாம்.

இந்தப் பயிற்சியில் தலைவன் தன்னையும் எண்ணினானா? பங்கின் குறைகளை எழுதும் தாளில் தன் குறைக்கு ஓர் இடம் இருந்ததா? ஆற்றங்கரையில் தன்னை விட்டுவிட்டு எண்ணிய சீடனாக அவன் திரும்புவானானால், அவனிடத்தில் பங்கு என்றும் ஒருவர் குறைவாகவே இருக்கும். ‘வேதியர் ஒழுக்கம்’ இன்றும் நமக்குக் கற்பிக்க வல்லது இதனையே. அதன் சில பக்கங்களையேனும் நம் முகாம்களில் வாய்விட்டுப் படித்து, அரைமணி நேரம் மௌனமாக இருந்தால், கட்டங்கள் நிரப்பும் வேலைக்கும் உயிர் வரும்.

பட்டியலில் இல்லாதது குழியில் விழும்போது அவன் என்ன செய்வான்? திடீரென ஆலையில் ஒருவர் இறக்கிறார். ஒரு குடும்பம் கடனால் ஊரைவிட்டுப் போகிறது. இரு சாதிப் பிள்ளைகள் மணம் புரிந்து ஊர் கொதிக்கிறது. இவற்றுக்குக் கையேட்டில் விடை இராது. மேலிடத்து ஆணைக்குக் காத்திராமல், நற்செய்தியை நெஞ்சில் வைத்து அந்த வீட்டுத் திண்ணைக்குப் போய் அமர்பவனை உருவாக்கியிருக்கிறோமா?

கடைசி வரிசையில் எழுந்த குரலுக்கு யார் விடை சொன்னார்? இது முனிவர் கேட்காத கேள்வி. நாம் கேட்க வேண்டிய கேள்வி. பயிற்சியின் முதல் மணி நேரத்தைப் பயிற்றுநருக்குத் தராமல் ஊர்மக்களுக்குத் தந்தால் என்ன? அவர்கள் சொல்வதிலிருந்தே பாடம் தொடங்கினால் என்ன? சங்கடம் வரும். முகாம் ஒழுங்காக முடியாமலும் போகலாம். ஆனால் அங்கேதான் பங்கின் வளர்ச்சி தொடங்கும்.

அடுத்த முறை ஏலாக்குறிச்சிக்குச் செல்லும்போது, அன்னையின் முன் மெழுகுதிரி ஏற்றிய பிறகு, நம் ஊரின் உபதேசியார்களையும் ஒரு கணம் நினைப்போம். தம் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாத அவர்கள், தம் நடையாலேயே ஊரைக் காத்தார்கள். கல்லறைக்கு இரண்டு பாதைகள் இருக்கும் ஊரில், அவற்றை ஒன்றாக்க முதல் அடி எடுத்துவைப்பவரே இனி நமக்குத் தேவையான வேதியர். அவரை எங்கோ தேட வேண்டியதில்லை. அன்று வரிசையில் நின்று உணவு வாங்கிய என்னைப் போன்றவர்கள் திரும்பிச் சென்று, அந்தத் தாயின் அருகில் அமர்ந்து, “சொல்லுங்கம்மா, அந்தப் பாதையைப் பத்தி” என்று கேட்பதே தொடக்கமாகும்.